ஆராய்ச்சிக் கப்பல் கட்டுற கம்பெனி ஏன் நட்டப்படுது?

[திரையில்: திருப்பூர் பின்னலாடைப் பட்டறை]

வணக்கமுங்க. 2022 மே மாசம் நூல் விலை உயர்வைக் கண்டிச்சு திருப்பூர்ல ரெண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்துச்சு. பீஸ் ரேட் பேசி ஆர்டர் எடுத்தாச்சு, நூல் விலை மட்டும் ஏறிட்டே போகுது, பையர் கூட்டித் தரமாட்டேங்கறார். கப்பல் கட்டுற தளத்துலயும் இதே கதைதானுங்க. அங்க ஒரு ஆர்டர் முடியவே பல வருஷம் ஆகும்.

[திரையில்: லூசியானா வரைபடம்]

அமெரிக்காவுல தேசிய அறிவியல் அறக்கட்டளை பணத்துல, ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தோட மேற்பார்வையில, புது வகை ஆராய்ச்சிக் கப்பல் கட்டத் திட்டம் போட்டாங்க. 2017ல லூசியானா மாநிலத்து ஹூமா ஊர்ல இருந்த கல்ஃப் ஐலண்ட் கம்பெனிக்கு வேலை கிடைச்சுது. முதல் கப்பல் பேரு டானி. பிறகு இன்னும் ரெண்டு சேர்ந்துச்சு. நீளம் 199 அடிதான். சரக்குக் கப்பல் பக்கத்துல நிறுத்துனா ரொம்பச் சின்னது.

சின்னதுன்னா சுலபம்னு நினைச்சுடாதீங்க. கடலடியை ஒலி அனுப்பி, திரும்பி வர்ற எதிரொலியை வெச்சுத்தான் அளக்கறாங்க. கப்பலோட சொந்தச் சத்தமே அந்த எதிரொலியை அமுக்கிடும். அதனால எஞ்சினை அதிர்வு தாங்கி மேல உக்கார வெக்கணும். புரொப்பல்லர்ல குமிழி கிளம்பாம பாக்கணும். மேல வின்ச் (கயிறு சுத்தி இழுக்கற எந்திரம்), கிரேன், ஆய்வுக்கூடம் எல்லாம் அடுக்கணும். ஒரு வின்ச்சோட எடை மாறுனா, கப்பல் சாயாம நிக்குமாங்கற கணக்கையே மறுபடி போடணும். டிராயிங் மாறும், வெட்டுன தகடு வீணாகும், ஏற்கெனவே இழுத்த கேபிளைப் பிரிக்கணும். இதெல்லாம் டெண்டர் போடுற அன்னைக்கு யாருக்கும் முழுசாத் தெரியாதுங்க. ஆனா விலை அன்னைக்கே முடிவாயிடுது.

இந்தக் கப்பல்கள்ல செலவு கூடி, கல்ஃப் ஐலண்ட் நட்டக் கணக்கு எழுதுச்சு. 2021 ஏப்ரல்ல கப்பல் தளத்தையே பொலிங்கர் கம்பெனிக்கு வித்துட்டாங்க, அந்த மூணு கப்பலோட சேத்து.

[திரையில்: அண்டார்டிகா]

நம்ம நாட்டுலயும் பாருங்க. 2006ல கடற்படை கடலை அளக்கற ஆறு அளவைக் கப்பலுக்கு, குஜராத் அரசு நிறுவனமான ஆல்காக் ஆஷ்டவுனுக்கு ஆர்டர் கொடுத்துச்சு. வந்து சேர்ந்தது 'மகர்' ஒன்னுதான். துருவ ஆராய்ச்சிக் கப்பலுக்கு 2014ல மத்திய அமைச்சரவை 1,051 கோடி ரூபாய் ஒதுக்குச்சு. டெண்டர்ல இல்லாத நிபந்தனையைக் கம்பெனி கேட்டதால அது கைவிடப்பட்டுச்சுன்னு அரசே சொல்லுச்சு. நம்ம விஞ்ஞானிங்க அண்டார்டிகாவுக்கு வாடகைக் கப்பல்லதான் போறாங்க. எனக்கு இதுதான் மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குதுங்க.

என் கருத்து இதுதான். முதல் கப்பலுக்கு டிசைன் வேலையைத் தனியா காசு கொடுத்து முடிக்கணும். அப்புறம்தான் விலை பேசணும். ஸ்டீல் விலை ஏறுனா ரேட் ஏத்தற ஷரத்தும் இருக்கணும். எல்-1, அதாவது டெண்டர்ல யார் விலை ரொம்பக் குறைவுன்னு மட்டும் பாத்து, அந்தக் குறைஞ்ச விலைக்காரர் தலையில எல்லா ஆபத்தையும் கட்டுனா, அது அவரோட நிக்காது. அவருக்குச் சரக்குக் கொடுத்தவரையும் சேத்து இழுக்கும்.

இது நமக்கு எதுக்குன்னு கேக்கறீங்களா? 2024 ஜூலையில கொல்கத்தா கார்டன் ரீச் தளம் சுமார் 840 கோடிக்கு கடல் ஆராய்ச்சிக் கப்பல் ஒப்பந்தம் போட்டிருக்குது. இப்படி வேலைகள்ல வால்வு, பம்ப், காஸ்டிங் கேட்டு கோயமுத்தூர்ப் பட்டறைக்கும் ஆர்டர் வரலாம். வந்தா மூலப்பொருள் விலை ஷரத்தை எழுத்துல வாங்குங்க. சிறு தொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு ஆர்டருக்கு முன்னாடியே இருக்கட்டும். சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள்ள பணம் தரணும்ங்கறது சட்டம். தாமதமானா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, மாசாமாசம் கூட்டு வட்டியா. பணம் வரலைன்னா, சிறு நிறுவனங்களோட பாக்கிப் பண வழக்கை விசாரிக்கற ஃபெசிலிடேஷன் கவுன்சில் கோயமுத்தூர்லயே இருக்குது, அங்க மனு போடலாமுங்க.