வேலியன்ட் ஓடிருச்சு! ஸ்டார்ஃப்ளீட்ல கேடட்டுங்க எங்க வேலை கத்துக்கறாங்க?

வணக்கம் மக்களே. ஓடிருச்சு! முதல்ல அதைச் சொல்லிடறேன். 'வேலியன்ட்'ங்கற ஸ்டார் ட்ரெக் எபிசோடு ஓடிருச்சு! போன வீடியோவுல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்ல, அதே டிஸ்க்தான்.

ஸ்டார் ட்ரெக் டீப் ஸ்பேஸ் நைன் ஆறாவது சீசன், முழு பெட்டி, ஒரு பழைய புத்தகக் கடையில கிடைச்சுது. கடைக்காரர் 1,400 சொன்னார், நான் 900 கேட்டேன், 950ல முடிஞ்சுது. சந்தோஷமா வீட்டுக்கு வந்து போட்டுப் பாத்தா, எந்த எபிசோடுக்காக வாங்கினேனோ அந்த டிஸ்க்ல மட்டும் கீறல். அதுல வர்ற காலின்ஸ்ங்கற கேடட் பொண்ணு நிலாவுல இருக்கற தன் வீட்டைப் பத்திப் பேச வாயைத் திறக்கும், படம் கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுடும். ஒவ்வொரு தடவையும் அதே இடம்!

நிறைய பேர் டூத்பேஸ்ட் தேய்க்கச் சொன்னீங்க. நான் தேய்க்கல, எனக்கு மனசு வரல. வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டு சொட்டு, அப்பா மூக்குக் கண்ணாடி துடைக்கற துணி. அவ்ளோதான். நடுவுலேருந்து ஓரத்துக்கு, நேரா இழுக்கணும். வட்டமா தேய்க்கவே கூடாது, ஏன்னா டிஸ்க்ல எல்லாம் சுத்திச் சுத்தித்தான் பதிஞ்சிருக்கு. அந்த வழியிலயே ஒரு கீறல் விழுந்தா வரிசையா எல்லாத்தையும் தின்னுடும். மூணு தடவை துடைச்சேன். முதல் தடவை ஒண்ணும் ஆகல. ரெண்டாவது தடவை சத்தம் மட்டும் வந்துச்சு. மூணாவது தடவை அந்தப் பொண்ணு பேசி முடிச்சு அழற வரைக்கும் ஒரு தடங்கல் இல்ல. நான் கத்தின கத்துல அம்மா அடுப்பை அணைச்சுட்டு ஓடி வந்தாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். ஸ்டார்ஃப்ளீட்ல, அதாவது அந்தக் கதையில வர்ற விண்வெளிக் கப்பற்படையில, படிக்கற பசங்க, அந்தக் கேடட்டுங்க, நிஜமா எங்க வேலை கத்துக்கறாங்க? கேட்டா எல்லாரும் கோபயாஷி மாருங்கறாங்க. 1982ல வந்த 'ராத் ஆஃப் கான்' படம் ஆரம்பிக்கறதே அதுலதான். ஜெயிக்கவே முடியாத ஒரு பரீட்சை. எண்டர்ப்ரைஸ் கப்பலோட பழைய கேப்டன் கிர்க், படிக்கற காலத்துல மூணாவது தடவை ப்ரோக்ராமையே மாத்தி வச்சு ஜெயிச்சாரு. எனக்கு அது அவ்வளவா பிடிக்காது. என்ன இருந்தாலும் அது கப்பல் மாதிரி செட் போட்ட ஒரு ரூம். லைட்டைப் போட்டதும் செத்தவங்கல்லாம் எழுந்து நடந்து போயிடறாங்க.

அதே படத்துல எனக்குப் பிடிச்ச இடம் வேற. எண்டர்ப்ரைஸ் அப்ப பயிற்சிக் கப்பல், கேப்டன் ஸ்பாக். கிளம்பற நேரத்துல ஸ்பாக் சாவிக்ங்கற இளம் அதிகாரியைப் பாத்து, நீ டாக்லேருந்து கப்பலை வெளிய எடுத்திருக்கியான்னு கேக்கறார். இல்லைங்கறா. சரி, எடுங்கறார்! பக்கத்துல கிர்க்குக்கு வேர்க்குது. ஸ்பாக் அசையாம நிக்கறார். அந்த நிக்கற நிலையைப் பாருங்க. கை கொடுக்கல, கண்ணையும் எடுக்கல.

அப்புறம் எஞ்சின் ரூம்ல ப்ரெஸ்டன்னு ஒரு சின்னப் பையன். வில்லன் கான் முதல் தடவை தாக்கும்போதே செத்துப் போயிடறான். சீஃப் எஞ்சினியர் ஸ்காட்டி அவனைத் தூக்கிக்கிட்டு நேரா கப்பலை ஓட்டற ப்ரிட்ஜுக்கே வந்துடறார். அவன் ஸ்காட்டியோட சொந்த அக்கா... தங்கச்சியோ, கூடப்பொறந்தவளோட பையன். தியேட்டர்ல ஓடின வெர்ஷன்ல அதை வெட்டிட்டாங்க. அதை எதுக்கு வெட்டணும்? எனக்கு இன்னும் ஆறல.

அடுத்தது 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' சீரிஸ்ல வர்ற சின்னப் பையன் வெஸ்லி. அவனைத் திட்டறவங்க கொஞ்சம் பொறுமையா கேளுங்க, எனக்கு வெஸ்லியைப் பிடிக்கும். நெக்ஸ்ட் ஜெனரேஷன் ரெண்டாவது சீசன்ல 'பென் பால்ஸ்', 1989. கிரகங்கள் ஏன் உடையுதுன்னு கண்டுபிடிக்கற ஒரு குழுவுக்கு வெஸ்லியைத் தலைவனாப் போடறாங்க. கூட இருக்கறவங்க எல்லாம் மூத்தவங்க. அவன் ஒரு டெஸ்ட் எடுக்கணுங்கறான், அதுல ஒருத்தர் எதுக்குப்பா நேரத்தை வீணாக்கறேன்னதும் சரின்னு வாயை மூடிக்கறான். மறுத்து ஒரு வார்த்தை பேச முடியல. அப்புறம் கப்பலோட ரெண்டாவது பெரிய அதிகாரி ரைக்கர்கிட்ட போறான். ரைக்கர் பேசறாரே தவிர, அவனுக்காகப் போய் யாரையும் அதட்டல. அவனே திரும்பி வந்து எடுங்கன்னு சொல்றான், எடுக்கறாங்க, காரணம் அதுலதான் கிடைக்குது.

இப்ப நாக், டீப் ஸ்பேஸ் நைன்ல வர்ற ஃபெரெங்கி பையன். ஃபெரெங்கின்னா காசே குறியா இருக்கற வேற்றுகிரக இனம். இதுக்காகத்தான் இந்த வீடியோவே. 1995ல 'ஹார்ட் ஆஃப் ஸ்டோன்'. நாக் ஒரு லாட்டினம் பையை, அது அவங்க பணம், கொண்டுவந்து விண்வெளி ஸ்டேஷனோட கமாண்டர் சிஸ்கோ மேஜை மேல வைக்கறான், என்னை அப்ரண்டிஸா சேத்துக்குங்கன்னு. சிஸ்கோவுக்கு நம்பிக்கை இல்ல. போய் கார்கோ பேல, அதாவது சரக்கு ரூம்ல, இருக்கற சரக்கையெல்லாம் கணக்கெடுத்துட்டு வாங்கறார். ஃபெரெங்கி பையன், விலை உயர்ந்த சாமான் கிடக்கற இடம்! ஒண்ணு குறையல. அதுக்கப்புறமும் சிஸ்கோ விடாம, ஸ்டார்ஃப்ளீட்ல ஏன்டா சேரணும், உண்மையைச் சொல்லுன்னு நெருக்கறப்பதான் அது வெடிக்குது. எங்கப்பா மாதிரி ஆகக் கூடாது, அவருக்கு எந்த மெஷினா இருந்தாலும் கை பேசும், கப்பல்ல சீஃப் எஞ்சினியரா இருக்க வேண்டியவர், சித்தப்பனோ பெரியப்பனோ அந்த க்வார்க் பார்ல எடுபிடியா நிக்கறாருங்கற மாதிரி கொட்டித் தீர்க்கறான். ஒவ்வொரு தடவையும் எனக்கு அங்க கண்ணு கலங்கிடும்.

யாரும் கைதட்டாத ஒரு இடத்துல, பெட்டி பெட்டியா எண்ணிக்கிட்டு நிக்கறதுதாங்க அவனோட முதல் பயிற்சி. கோபயாஷி மாருவை விட அதுதான் எனக்குப் பெருசு.

ஐயோ, ஒண்ணு விட்டுட்டேன். ஸ்டார்ஃப்ளீட்ல சேர்ந்த முதல் ஃபெரெங்கியே நாக்தான், தெரியாதவங்களுக்கு. அகாடமிக்குப் போயி, 1996ல 'தி அசென்ட்'ல ஃபீல்டு ஸ்டடிக்காக ஸ்டேஷனுக்கே திரும்பி வரான். சிஸ்கோ பையன் ஜேக்கோட ஒரே ரூம். விடியறதுக்கு முன்னாடியே எழுந்துடறான், ஜேக் துணியெல்லாம் தரையில கிடக்கறதைப் பாத்து எரிச்சலாகறான். பகல்ல எஞ்சினியர் ஓ'ப்ரையன் மாதிரி ஆளுங்க பக்கத்துல வேலை. தப்பு பண்ணா கேக்க ஆள் இருக்கு.

இப்ப 'வேலியன்ட்', 1998. அது ஒரு கப்பலோட பேரு. ரெட் ஸ்குவாட்ங்கறது அகாடமியிலயே பொறுக்கி எடுத்த பசங்க. ஃபெடரேஷனையே, அதாவது பல கிரகங்கள் சேர்ந்த அவங்க கூட்டமைப்பையே, ஒரு சுத்து சுத்திட்டு வரணும்னு கிளம்பினவங்க, சண்டை மூண்டதும் எதிரி எல்லைக்குள்ள மாட்டிக்கறாங்க. அதிகாரிங்க எல்லாம் செத்துப் போயிட்டாங்க. கேப்டன் ராமிரெஸ் சாகும்போது டிம் வாட்டர்ஸ்ங்கற கேடட் கையில கப்பலைக் கொடுத்துட்டுப் போறார். எட்டு மாசமா பசங்களே ஓட்டறாங்க. அந்தக் கப்பல்லதான் நாக்கும் ஜேக்கும் வந்து சேர்றாங்க. ஆ, எண்ணிக்கையைச் சொல்லல பாருங்க: கிளம்பும்போது 35 கேடட், 7 அதிகாரி. அஞ்சு பேருக்கு ஒருத்தர்! அந்தக் கணக்கை மனசுல வச்சுக்கிட்டுப் பாத்தா கதையே வேற மாதிரி தெரியுது.

பசங்க திறமையில குறையே இல்ல. எதிரியோட புதுப் போர்க்கப்பலைப் பத்தின தகவலை எடுத்துட்டாங்க. வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போகலாம். வாட்டர்ஸ் அதை அடிச்சே தீரணுங்கறான். தூங்காம இருக்க மாத்திரை போட்டுக்கிட்டு ஓடற பையன். எங்கப்பாவே இதைச் செய்ய மாட்டார்னு ஜேக் தலைபாடா அடிச்சுக்கறான், அவனைப் பிடிச்சு உள்ள போட்டுடறாங்க. நாக் வாட்டர்ஸ் பக்கம் நிக்கறான், அதுதான் வயித்தைப் பிசையுது. கார்கோ பேல ஒண்ணொண்ணா எண்ணின நாக்!

கடைசியில தப்பிச்சது மூணே பேர். ஜேக், நாக், அந்த நிலா ஊர்ப் பொண்ணு காலின்ஸ். அவ அப்பவும் வாட்டர்ஸை விட்டுக்கொடுக்கல. நாக்தான் சொல்றான், அவன் பெரிய ஆளா இருக்கலாம், ஆனா மோசமான கேப்டன்னு. சொல்லிட்டு தன்னோட ரெட் ஸ்குவாட் பின்னை அவகிட்ட கொடுத்துடறான். அந்தப் பின்னை அவன் கொடுக்கற கையை நேத்து நாலு தடவை ரிவைண்ட் பண்ணிப் பாத்தேன், டிஸ்க் ஒரு தடவை கூட திக்கல.

நிறைய பேர் இதை வாட்டர்ஸோட திமிருன்னு முடிச்சுடறீங்க. நான் ஒத்துக்க மாட்டேன். ரைக்கர் மாதிரி ஒருத்தர் பக்கத்துல இருந்திருந்தா அவனும் நல்ல அதிகாரியா வந்திருப்பான். கேப்டன் சாகற நேரத்துல வேற வழி இல்லாம கொடுத்த பொறுப்பு அது. அதுக்கப்புறம், வேண்டாம் தம்பி, வீட்டுக்குப் போன்னு சொல்ல அந்தக் கப்பல்ல ஒரு பெரியவங்க இல்ல.

புதுசுல 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' முதல் சீசன், 2022, உஹுரா கேடட்டா வரா. ஒவ்வொரு பிரிவா மாத்தி மாத்தி அனுப்பறாங்க. சீஃப் எஞ்சினியர் ஹெம்மர்கிட்ட எஞ்சின் ரூம்ல திட்டு வாங்கற பாகம் அருமை. அதுக்குத் தனி வீடியோ போடறேன், இப்ப ஆரம்பிச்சா விடிஞ்சிடும்.

இனி ஏழாவது சீசன் பெட்டி வேணும், நாக்கோட மீதிக் கதை அதுலதான் இருக்கு. அதே கடைக்காரர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். வந்தா கூப்பிடறேன்னார், 1,500க்குக் குறையாதுன்னும் சொல்லிட்டார். 1,100க்கு மேல நான் போறதா இல்ல. இந்தத் தடவை பெட்டியை அங்கேயே திறந்து, ஒவ்வொரு டிஸ்க்கையும் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்துட்டுத்தான் காசு.