சுமை ஏறிய பலகைக்கு நிறை மையம் எங்கே?

நண்பர்களே, வணக்கம்.

4 மீட்டர் நீளமுள்ள சீரான பலகை ஒன்று. எடை 20 கிலோ. இடது முனையிலிருந்து 1 மீட்டர் தள்ளி, 60 கிலோ எடையில் உயரமான பெட்டி ஒன்று நிற்கிறது. இரண்டும் சேர்ந்த நிறை மையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, எங்கே?

பலகையின் நடு 2, பெட்டி 1, ஆகவே சராசரி 1.5 என்பார்கள் சிலர். பலகையின் எடையை மறந்துவிட்டு 1 என்பார்கள் வேறு சிலர். இரண்டும் தவறு. நிறையைத் தூரத்தால் பெருக்குங்கள்: 20 × 2 = 40, 60 × 1 = 60. கூட்டினால் 100, மொத்த நிறை 80 ஆல் வகுத்தால் 1.25 மீட்டர். தூரங்கள் எல்லாம் ஒரே முனையிலிருந்து அளந்தவையாக இருக்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன, எப்படி அடுக்கியிருக்கிறது என்று தெரியாவிட்டால்? முனைக்கு ஒன்றாக இரண்டு எடை மெஷின்களை வையுங்கள். இடதில் 55, வலதில் 25 காட்டும். 25 × 4 ÷ 80, அதே 1.25. பலகையை மெஷின்மீது நேராகப் படுக்க வைக்காதீர்கள். எந்த இடத்தில் அழுத்துகிறது என்பது தெரியாமல் போகும். ஒவ்வொரு மெஷினுக்கும் பலகைக்கும் இடையில் ஒரு உருளைக் கம்பி வேண்டும்.

பெரும்பாலானோர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான். சுமையைக் கவிழ்ப்பது மையத்தின் உயரம். அதை இந்த அளவீடு சொல்லவே சொல்லாது.

உயரம் வேண்டுமென்றால் சாய்க்க வேண்டும். பெட்டியை இறுகக் கட்டிவிட்டு, இடது முனையை 97 செ.மீ. தூக்குங்கள். சாய்வு ஏறத்தாழ 14 டிகிரி, அதன் டேன்ஜென்ட் (தூக்கிய உயரத்தைக் கிடைத்தூரத்தால் வகுத்தது) 0.25. வலது மெஷின் மட்டமாகவே இருக்கட்டும். அது இப்போது 28 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோ கூடியிருக்கிறது. அந்த 3ஐ நீளம் 4 ஆல் பெருக்கி, மொத்த எடையையும் டேன்ஜென்ட்டையும் பெருக்கி வரும் 20 ஆல் வகுத்தால் 0.6 மீட்டர். கம்பிகள் தொடும் மட்டத்திலிருந்து பலகைக்குச் செங்குத்தாக மையம் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது.

பயந்து கொஞ்சமாகச் சாய்த்தால் கணக்கு கெட்டுவிடும். மெஷினில் அரை கிலோ பிழை இருந்தால், இந்தச் சாய்வில் உயரம் 10 செ.மீ. தவறும். டேன்ஜென்ட் 0.05 மட்டும் என்றால் அதே பிழை அரை மீட்டராகிவிடும்! கட்டு தளர்ந்து பெட்டி 5 செ.மீ. கீழ்நோக்கி வழுக்கினாலோ, உயரம் 15 செ.மீ. கூடுதலாக வரும். ஆகவே பலகையை இறக்கியதும் பழைய 55, 25 திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்த அளவீட்டைத் தூக்கி எறியுங்கள்.

பாதி நிரம்பிய தண்ணீர்த் தொட்டிக்கு இந்த முறை அப்படியே உதவாது. சாய்க்கும்போதே தண்ணீர் தாழ்ந்த பக்கம் ஓடி மையத்தை நகர்த்திவிடும். தொட்டியைக் காலியாக வைத்து அளந்துவிட்டு, தண்ணீரைத் தனி நிறையாக எடுத்து, முதலில் செய்த பெருக்கல் கணக்கில் சேருங்கள்.