விநாடிக்கு ஒரு அலை

எல்லாருக்கும் வணக்கம். புதிதாக வரும் நாட்டுப்புற இசை ஆல்பங்கள், பரிசோதனை இசை நிகழ்ச்சிகள் பற்றி விமர்சனம் எழுத வந்திருக்கும் உங்களிடம் பேச அழைத்தார்கள். நான் செய்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆல்பம் கைக்கு வந்தது. நாற்பது நிமிடமும் நீண்ட கார்வைதான், ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருப்பது. பாட்டும் இல்லை, தாளமும் இல்லை. போன் ஸ்பீக்கரில் ஓடவிட்டுக் கேட்டேன். ‘இதில் எதுவுமே நடக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து அதையே நல்ல ஹெட்போனில் கேட்டபோது உடம்பு கூசிப்போனது. அடியில் இரண்டு சுருதிகள், மயிரிழை வித்தியாசத்தில், ஓடிக்கொண்டே இருந்தன. ஒன்று 110 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 110 அதிர்வு, மற்றது 111 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு ஒரு தடவை ஒலி எழும்பித் தணியும். அந்த அலைதான் அந்த ஆல்பத்தின் உயிர். அவ்வளவு தாழ்ந்த ஒலியைப் போன் ஸ்பீக்கர் சரியாகத் தராது. எதுவும் நடக்கவில்லை என்று நான் எழுதிய இடத்தில் விநாடிக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது!

அதனால் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தீர்ப்பு சொல்வதற்கு முன் காதில் விழுந்ததைச் சொல்லுங்கள். ‘மண்வாசனை வீசுகிறது’, ‘வேறு உலகத்துக்கே கூட்டிப் போகிறது’ என்பதெல்லாம் எந்த ஆல்பத்துக்கும் ஒட்டும். எந்த நிமிடத்தில் குரல் கம்முகிறது? பாடகி மூச்சு வாங்கும் சத்தத்தை விட்டுவைத்திருக்கிறார்களா, துடைத்து எடுத்துவிட்டார்களா? இதைச் சொன்னால் படிப்பவருக்குப் பிடிப்பு கிடைக்கும்.

நாட்டுப்புற இசைக்கு இது இன்னும் அவசியம். ஹங்கேரியின் இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1906-இல் ஃபோனோகிராப்பை, அதாவது மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் கருவியை, தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். ஒரு மெழுகு உருளையில் சில நிமிடங்கள்தான் பிடிக்கும். பாட்டு எத்தனை நீளமானாலும் உருளை தீர்ந்தால் பதிவும் தீர்ந்தது. பதிவு என்றாலே கத்தரித்த துண்டுதான் என்பது அன்றைக்கே இருந்த விஷயம். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: 1930-களில் அவர் அந்தப் பழைய பதிவுகளுக்கே திரும்பிப் போய், மறுபடி கேட்டு, தாம் எழுதிவைத்த சுரக்குறிப்புகளை நுணுக்கமாகத் திருத்தினார். அப்பேர்ப்பட்ட காது உள்ளவரே திரும்பக் கேட்டிருக்கிறார். நாம் ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதலாமா?

அப்புறம், ஆல்பத்தின் உறையில் ‘மரபுப் பாடல்’ என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். யாரிடம் கற்றார்கள், சொல்லிக்கொடுத்த பாட்டியின் பெயர் எங்கே என்று தேடுங்கள். இல்லையென்றால் ‘இல்லை’ என்று விமர்சனத்தில் எழுதுங்கள். இதில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது.

நேரடி நிகழ்ச்சிக்கு வருகிறேன். 1988-இல் இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் அக்கார்டியனோடு, இரண்டு இசைக்கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நிலத்தடியில் இருந்த ஒரு பெரிய காலித் தண்ணீர்த்தொட்டிக்குள் இறங்கினார். உள்ளே ஒரு ஒலி எழுந்தால் அடங்க 45 விநாடி ஆகும். யோசித்துப் பாருங்கள்: நீங்கள் வாசித்த சுரம் முக்கால் நிமிடம் உங்களைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அடுத்த சுரத்தை அதன் தலைமேல்தான் வைக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் குழம்பிவிடும். அங்கே அந்தத் தொட்டியும் கூட உட்கார்ந்து வாசித்தது என்றே சொல்வேன். அந்தப் பதிவு மறு ஆண்டு ஆல்பமாக வந்தது.

நாம் எழுதும் நிகழ்ச்சி விமர்சனங்களில் அரங்கத்தைப் பற்றி எத்தனை வரி இருக்கிறது? கூரை உயரமா, தாழ்வா? நீங்கள் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே இருந்தீர்களா, தூணுக்குப் பின்னாலா? ‘மேளம் குரலை அமுக்கிவிட்டது’ என்று எழுதுகிறோம். பத்து வரிசை தள்ளி இருந்தவருக்கு அமுக்கியிருக்காது. இடைவேளையில் எழுந்து இடம் மாறி உட்காருங்கள், அதுவே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

அந்த ஆல்பத்துக்கு நான் இரண்டாவது விமர்சனம் எழுதினேன். முதலில் எழுதியது தவறு என்றும், எதில் கேட்டுவிட்டு எழுதினேன் என்றும் ஆரம்பத்திலேயே சொன்னேன். அன்றிலிருந்து எந்த விமர்சனம் எழுதினாலும் எதில் கேட்டேன், எத்தனை தடவை கேட்டேன், எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று ஒரு வரி போட்டுவிடுகிறேன். சரி, இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.