பனிக்கால மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் உடை

நேயர்களுக்கு வணக்கம். மார்கழி, தை மாதங்களில் மோட்டார் சைக்கிளில் உதகைக்குச் செல்பவர்கள் குளிருக்கு எவற்றை அணிய வேண்டும், எதன்மேல் எதை அணிய வேண்டும் என்பது பற்றி இன்று பேசுகிறேன்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகையோ 2,240 மீட்டர். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே, கல்லாறு தாண்டும்வரை வியர்த்துக்கொண்டே வருபவர், குன்னூர், அரவங்காடு, கேத்தி எனக் கடந்து உதகையை அடைவதற்குள் அடிவாரத்தைவிட 12 டிகிரி அளவுக்குக் குறைந்த வெப்பநிலைக்குள் வந்துவிடுகிறார். அதிகாலை என்றால் இன்னும் கடுமை. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவெல்லாம் பள்ளங்களில் இறங்கித் தேங்கி நிற்கும்; தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளியும் நிறுத்திவைத்த வண்டிகளின் இருக்கைகளும் உறைபனியால் வெளுத்துக் கிடப்பது அதனால்தான்.

குளிர் என்றதும் நாம் தடிமனான ஸ்வெட்டரைத் தேடுகிறோம். நடந்து செல்பவருக்கு அது போதும். வண்டி ஓட்டுபவருக்குப் போதாது. கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கு நடுவே அடைபட்டு நிற்கும் காற்றுதான் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. வண்டி வேகமெடுத்ததும் எதிர்க்காற்று பின்னல் கண்களின் வழியே புகுந்து, அந்த வெதுவெதுப்பான காற்றை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. வெப்பநிலை 5 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், மூடாத தோலுக்கு அது 0 டிகிரிக்கும் சற்றுக் கீழே இருப்பதுபோல் உறைக்கும். எனவே முதலில் காற்றைத் தடுக்க வேண்டும், தடிமனைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம் என்பதே என் உறுதியான கருத்து.

நம் ஊர் வெயிலுக்கு ஏற்றதென்று பலரும் வாங்கும் மெஷ் ஜாக்கெட், காற்று உள்ளே வரவேண்டும் என்பதற்காகவே வலைபோல் நெய்யப்பட்டது. மலையில் அதுவே வினையாகிறது. அதற்காகப் புதிய ஜாக்கெட் வாங்க வேண்டியதில்லை. மழைக்கென்று வைத்திருக்கும் ரெயின்கோட்டை அதன்மேல் போட்டு, கழுத்துவரை இழுத்து மூடி, மணிக்கட்டுப் பட்டியை இறுக்கிக்கொண்டால் காற்று நின்றுவிடும். அதுவும் கைவசம் இல்லாதபோது, செய்தித்தாளை நான்காக மடித்து மார்புக்கு நேரே சட்டைக்குள் வைத்துக்கொள்வது பழைய வழக்கம். அது உண்மையிலேயே பலன் தருகிறது.

உடம்பை ஒட்டி அணியும் பனியன் பருத்தியாக இருப்பது நல்லதல்ல. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். அடிவாரத்தில் வியர்த்த பனியன் குன்னூருக்கு மேலே முதுகில் சில்லென்று ஒட்டிக்கொள்ளும். விளையாட்டு வீரர்கள் அணியும், உடம்போடு ஒட்டிய பாலியெஸ்டர் பனியன் விரைவில் காய்ந்துவிடும்; மெல்லிய மெரினோ கம்பளி கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே ஒரு ஃப்ளீஸ், அதாவது புசுபுசுவென்ற செயற்கை இழைத் துணியால் ஆன மேற்சட்டை, போதும். இறகு அடைத்த உடை எடை குறைவானது, நல்ல சூடு தருவது. ஆனால் நனைந்தால் இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பயனற்றுப் போகும். மேகம் சாலையிலேயே இறங்கி வரும் நீலகிரியில் ஃப்ளீஸே நம்பகமானது.

இவற்றை அளவுக்கு மீறி அடுக்கினால் ஜாக்கெட் இறுகி, தோள்பட்டைக் காப்பும் முழங்கைக் காப்பும் இடம் மாறிவிடும். இரத்த ஓட்டமும் தடைப்படும். கையுறைக்கும் காலணிக்கும் இது பொருந்தும். இரண்டு சாக்ஸ் போட்டுக் காலைத் திணிப்பதைவிட, விரல்களை அசைக்க இடம் விட்டு ஒரு கம்பளிச் சாக்ஸ் அணிவதே மேல். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காப்பதற்காக உடல் விரல்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆகையால் கை மரத்துப்போகிறவர்கள், வேறு கையுறை வாங்குவதற்கு முன்னால், மார்பிலும் கழுத்திலும் காற்று புகுகிறதா என்று பார்க்க வேண்டும். மரத்த விரல்கள் பிரேக்கைப் பிடிக்கத் தாமதிக்கும். கொண்டை ஊசி வளைவில் அந்தத் தாமதம் உயிருக்கே ஆபத்து.

கழுத்துக்கு மப்ளர் கட்டுபவர்கள் அதன் நுனியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்ளுங்கள். தொங்கும் துணி சக்கரத்தில் சிக்கும். தடித்த குரங்குக் குல்லாவின் மேல் ஹெல்மெட் அணிவதையும் தவிருங்கள். ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராமல் போய்விடும். மெல்லிய முகமூடித் துணியே போதும்.

குளிர் உறைக்கும் வரை காத்திராமல், கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே உள்ள பர்லியாரில் தேநீருக்கு நிற்கும்போதே ஃப்ளீஸையும் ரெயின்கோட்டையும் எடுத்து அணிந்துகொள்ளுங்கள். அதற்கு மேலும் நடுக்கம் வந்தால் ஓரமாக நிறுத்தி, சூடாக எதையாவது குடித்து, கைகளை அக்குளில் வைத்து, நடுக்கம் முழுவதும் அடங்கிய பிறகே வண்டியை எடுங்கள். வணக்கம்.