அஞ்சு ரூட் போட்டாலும் விடை முழு எண்தான்! அடுக்கு வர்க்கமூலப் புதிர்களை உடைக்கிறது எப்படி?

[திரையில்: √( 9√2 + 9√( 42 − 8√( 11 + 6√2 ) ) ) ]

இதைப் பாருங்க. எண்ணிப் பார்த்தா அஞ்சு ரூட். உள்ளே உட்கார்ந்திருக்கிற √2 ஒரு விகிதமுறா எண், அதோட தசமம் முடியவே முடியாது. ஆனா இந்த மொத்த உருவத்தோட மதிப்பு ஒரு முழு எண். அதுவும் ஒரே இலக்கம். கால்குலேட்டரைத் தள்ளி வச்சுட்டு, வீடியோவை நிறுத்தி ஒரு தடவை முயற்சி பண்ணிட்டு வாங்க.

வந்துட்டீங்களா? பெரும்பாலானவங்க முதல்ல செய்யறது, மொத்தத்தையும் ம-ன்னு வச்சு ரெண்டு பக்கமும் வர்க்கப்படுத்துறது. ஒவ்வொரு ரூட்டைத் தூக்கும்போதும் சமன்பாட்டோட படி இரட்டிக்கும்: 2, 4, 8. எட்டாம் படிச் சமன்பாட்டை வச்சுக்கிட்டு என்ன பண்றது? அந்தப் பக்கமே போகாதீங்க. வேலை உள்ளே இருந்து ஆரம்பிக்கணும்.

தேவையான பின்னணி ஒரே வரிதான்.

[திரையில்: (√அ + √ஆ)² = அ + ஆ + 2√(அ × ஆ)]

இதைத் திருப்பிப் படிங்க. ரூட்டுக்குள்ள "ஒரு எண் கூட்டல் 2√இன்னொரு எண்" இருந்தா, கூட்டினா முதல் எண்ணும் பெருக்கினா ரெண்டாவது எண்ணும் வர்ற ஜோடியைத் தேடணும். அவ்வளவுதான்.

இப்ப அடி ஆழத்துல இருக்கிற 11 + 6√2-ஐ எடுப்போம். ரூட்டுக்கு முன்னாடி 6 நிக்குது, நமக்கு வேண்டியது 2. அதனால 6-ஐ 2 × 3-ஆ பிரிச்சு, அந்த 3-ஐ ரூட்டுக்குள்ள தள்ளுங்க. உள்ளே போகும்போது அது 9 ஆகும். 9 × 2 = 18. ஆக 11 + 2√18. கூட்டினா 11, பெருக்கினா 18: அது 9-ம் 2-ம். அப்போ √(11 + 6√2) = 3 + √2. ஒரு மாடி இடிஞ்சது.

அடுத்த மாடி: 42 − 8(3 + √2) = 18 − 8√2. மறுபடி அதே வேலை. 8√2 = 2√32. கூட்டினா 18, பெருக்கினா 32: 16-ம் 2-ம். நடுவுல கழித்தல் இருக்கிறதால விடை 4 − √2.

கடைசி மாடி: 9√2 + 9(4 − √2) = 9√2 + 36 − 9√2. √2 ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. மிச்சம் 36. அதோட ரூட் 6.

[திரையில்: 6]

இதுல ஜனங்க எங்கே வழுக்கி விழறாங்கன்னு பார்ப்போம். முதல் இடம் அந்த 2. ரூட்டுக்கு முன்னாடி 2 இருக்கான்னு பார்க்காம நேரா 11-க்கும் 2-க்கும் ஜோடி தேடுவாங்க, கிடைக்காது, "இது உடையாது"ன்னு பேனாவை வச்சுடுவாங்க. முன்னாடி 2 இல்லவே இல்லைன்னா வரவழைக்கணும். √(4 + √15)-க்குள்ள மேலேயும் கீழேயும் 2-ஆல பெருக்குங்க: (8 + 2√15)/2. மேலே 5, 3. விடை (√5 + √3)/√2.

ரெண்டாவது இடம் கழித்தல். 4 − √2-க்குப் பதிலா √2 − 4-ன்னு எழுதிட்டா? ரெண்டோட வர்க்கமும் ஒண்ணுதான், ஆனா √2 − 4 எதிர்மறை. வர்க்கமூலக் குறி எப்பவும் எதிர்மறையில்லாத மதிப்பைத்தான் தரும். நம்ம புதிர்ல அந்தத் தப்பு உடனே மாட்டிக்கும், ஏன்னா கடைசி ரூட்டுக்குள்ள 18√2 − 36 வந்து நிக்கும், அது பூஜ்யத்துக்குக் கீழே. வேற கணக்குல சத்தமில்லாம தப்பு விடையைக் கொடுத்துட்டுப் போயிடும். பெரிய எண்ணை முன்னாடி எழுதுற பழக்கம் இருந்தா இந்தத் தொல்லையே கிடையாது.

இந்த ஒரே விஷயத்தை வச்சு 1959-ல, ருமேனியாவுல நடந்த முதல் சர்வதேச கணித ஒலிம்பியாட்லயே ஒரு கேள்வி கேட்டுட்டாங்க.

[திரையில்: √( ப + √(2ப − 1) ) + √( ப − √(2ப − 1) ) = √2]

ப எவ்வளவு? ஒரு எண் வரும்னுதானே நினைப்பீங்க. ½-ல இருந்து 1 வரைக்கும் எந்த எண்ணைப் போட்டாலும் சரியா வரும்! √2-ஆல பெருக்கிப் பார்த்தா, முதல் பகுதி √(2ப − 1) + 1, ரெண்டாவது பகுதி √(2ப − 1) − 1-ஓட மட்டு மதிப்பு, அதாவது கழித்தல் குறி வந்தா அதை விட்டுட்டு எடுக்கிற அளவு. ப 1-ஐத் தாண்டாத வரைக்கும் ஒண்ணு ஏறுற அளவுக்கு இன்னொண்ணு இறங்குது. மட்டு மதிப்பை மறந்தவங்களுக்கு ப = 1 மட்டும்தான் கிடைக்கும்.

சரி, ஒரு ரூட் உடையுமா உடையாதான்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க முடியுமா? முடியும். முதல் பகுதியோட வர்க்கத்துல இருந்து ரூட் பகுதியோட வர்க்கத்தைக் கழிங்க. 11 + 6√2-க்கு 121 − 72 = 49. முழு வர்க்கம், அப்போ உடையும். 49-ஓட மூலம் 7. 11-ஓட 7-ஐக் கூட்டிப் பாதியாக்குங்க: 9. கழிச்சுப் பாதியாக்குங்க: 2. ஜோடியே கையில வந்துடுச்சு! √(5 + √7)-க்கு 25 − 7 = 18, முழு வர்க்கம் இல்லை, நேரத்தை வீணாக்காதீங்க. என்னைக் கேட்டா "ரெண்டு எண்ணை யூகிச்சுப் பாரு"ன்னு சொல்லித் தர்றதுக்கு முன்னாடி இதைத்தான் சொல்லித் தரணும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ரூட் முடியவே இல்லைன்னா?

[திரையில்: √( 6 + √( 6 + √( 6 + … ) ) ) ]

மதிப்பு ம-ன்னு வச்சா, முதல் ரூட்டுக்குள்ள 6-க்கு அப்புறம் இருக்கிறதும் அதே ம. ம² = 6 + ம. விடை 3 அல்லது −2. எதிர்மறை வராது, அதனால 3. கால்குலேட்டர்லயும் பாருங்க: 2.449, 2.907, 2.984, 2.997. நாலே தட்டுல 3-ஐத் தொடப் போகுது.

முழு எண் எப்ப வரும்? 2 போட்டா 2, 6 போட்டா 3, 12 போட்டா 4, 20 போட்டா 5. உள்ளே இருக்கிறது அடுத்தடுத்த ரெண்டு எண்களோட பெருக்கல்: 1×2, 2×3, 3×4, 4×5. விடை பெரியது. கூட்டலையெல்லாம் கழித்தலா மாத்தினா விடை சின்னது. √(20 − √(20 − …)) = 4. 1-ல இருந்து 100 வரைக்கும் இப்படி ஒன்பது எண்கள்தான். போட்டித் தேர்வுல இதை ரெண்டு நொடியில போட்டுடலாம்.

ஆனா இந்தக் குறுக்குவழி எங்கே காலை வாரும்னு தெரியுமா? 1-ஐப் போட்டுக் கழிங்க.

[திரையில்: √( 1 − √( 1 − √( 1 − … ) ) ) ]

சமன்பாடு 0.618-ன்னு ஒரு விடை சொல்லும். நிஜத்துல ஒவ்வொரு அடுக்கா கட்டிப் பாருங்க. √1 = 1. √(1 − 1) = 0. √(1 − 0) = 1. மறுபடி 0. மறுபடி 1. எங்கேயும் போய் நிக்காது! "ம-ன்னு வைப்போம்"னு நாம சொன்னப்பவே, அது ஒரு இடத்துல போய் நிக்கும்னு சும்மா நம்பிட்டோம்.

இன்னும் வேடிக்கை வேணுமா? 0-ஐப் போட்டுக் கூட்டுங்க. ம² = ம, அதாவது 0 அல்லது 1. வெறும் பூஜ்யத்துக்கு எத்தனை ரூட் போட்டாலும் பூஜ்யம்தான். ஆனா கடைசி அடுக்குல 0-க்குப் பதிலா 0.0001-ஐ வச்சு ரூட் பட்டனைத் தட்டிக்கிட்டே இருங்க: 0.01, 0.1, 0.316, 0.562, 0.75, 0.866… நேரா 1-ஐப் பார்த்து ஓடுது. ஒரு தூசி விழுந்தா விடையே மாறிடுது.

இதே சிக்கல் ராமானுஜனோட புகழ்பெற்ற கேள்வியிலயும் இருக்கு. 1911-ல இந்தியக் கணிதச் சங்கத்தோட இதழ்ல அவர் கேட்டது.

[திரையில்: √( 1 + 2√( 1 + 3√( 1 + 4√( 1 + … ) ) ) ) = ?]

விடை 3. இணையத்துல எல்லாரும் காட்டுற நிரூபணம் இது: 3 = √(1 + 2×4), அந்த 4 = √(1 + 3×5), அந்த 5 = √(1 + 4×6), இப்படியே போகும். அழகு! ஆனா இதே தந்திரத்தால விடை 4-ன்னும் "நிரூபிக்கலாம்". 4 = √(1 + 2×7.5). 7.5 = √(1 + 3×18.41…). இதுவும் முடியாம போகும், உருவமும் அச்சு அசல் அதே. அப்போ எது நிஜம்?

வித்தியாசம் வால்ல இருக்கு. 3-ஐ விரிக்கும்போது கடைசியில தொங்குற எண்கள் 4, 5, 6, 7-ன்னு மெதுவா நடக்குது. 4-ஐ விரிச்சா 7.5, 18.4, 84.5, 1429-ன்னு வெடிக்குது. ஒவ்வொரு ரூட்டும் வாலை நசுக்கும். மெதுவா வளர்ற வால் நசுங்கிக் காணாமப் போயிடும், வெடிக்கிற வால் போகாது. வாலையே வெட்டிட்டு 1-ஐ வச்சுக் கணக்குப் போட்டா: 1.73, 2.24, 2.56, 2.755… ஏறிக்கிட்டே போகும், ஆனா 3-ஐத் தாண்டாது, ஏன்னா சரியான வாலை விட 1 எப்பவும் சின்னது. 3-ஐயே தாண்டாதது 4-ஐ எங்கே தொடப் போகுது? இந்த ஒரு வரியைச் சொல்லாம நிரூபணத்தை முடிக்கிறவங்க பாதி வேலைதான் பண்ணியிருக்காங்க. கோபப்பட்டா கமெண்ட்ல திட்டுங்க, பரவாயில்லை.

கனமூலம் பத்தி வேகமா ஒண்ணு. ∛(2 + √5) + ∛(2 − √5) எவ்வளவு? கூடுதலை ம-ன்னு வச்சுக் கனப்படுத்துங்க. உள்ளே இருக்கிற ரெண்டோட கூடுதல் 4, பெருக்கலோட கனமூலம் −1. அதனால ம³ = 4 − 3ம். ம = 1 பொருந்துது, மீதி இருக்கிற இருபடிக் காரணிக்கு மெய் மூலம் இல்லை. விடை 1. தனித்தனியா பார்த்தா 1.618-ம் −0.618-ம், ஆமா, பொன் விகிதமேதான்! ஒரு எச்சரிக்கை: 2 − √5 எதிர்மறை எண். கனமூலப் பட்டனுக்குப் பதிலா அடுக்குக்குறி ⅓ போட்டீங்கன்னா பல மென்பொருள்கள் பிழை காட்டும், இல்லைன்னா ஒரு சிக்கலெண்ணை, அதாவது √(−1) கலந்த எண்ணைத் துப்பும். கணக்கு தப்பில்லை, கருவி வேற மூலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கு.

"எத்தனை முழு எண்கள்"னு கேட்கிற வகையும் இருக்கு. √(50 − √ப) முழு எண்ணா வர எத்தனை ப? ப-வைத் தேடாதீங்க, விடையில இருந்து வாங்க. வெளி ரூட் 0-ல இருந்து 7 வரைக்கும்தான் இருக்க முடியும், ஏன்னா 8-ஓட வர்க்கம் 64, அது 50-ஐத் தாண்டிடும். ஒவ்வொரு விடைக்கும் ஒரே ஒரு ப: 50-ல இருந்து விடையோட வர்க்கத்தைக் கழிச்சு, வந்ததை வர்க்கப்படுத்தினா ப. 7-க்கு ப = 1, 0-க்கு ப = 2500. மொத்தம் 8. ஏழுன்னு சொன்னவங்க 0-ஐ விட்டுட்டீங்க.

[திரையில்: √( ப + √( ப + √( ப + … ) ) ) ]

இது உங்களுக்கு. ப 0-ல இருந்து 500 வரைக்கும் ஒரு முழு எண். எத்தனை ப-வுக்கு இதோட மதிப்பு முழு எண்ணா வரும்? எண்ணிக்கையோட சேர்த்து, 0-ஐக் கணக்குல எடுத்தீங்களா, எடுத்தா எந்த மதிப்புன்னு எடுத்தீங்கன்னும் கமெண்ட்ல எழுதுங்க.