கேமரா போகாத கமிட்டி ரூம்

நேயர்களுக்கு வணக்கம். ராஜ்யசபான்னா நமக்கு டிவில வர்ற கூச்சலும் வெளிநடப்பும்தான் ஞாபகம் வருது, ஆனா சட்டத்த வரி வரியா பாக்குற வேலை நடக்குறது கமிட்டி ரூம்லதாங்க, அங்க கேமரா கிடையாது, இப்படித்தான் ஓட்டுப் போடணும்னு கட்சி போடுற கொறடா உத்தரவும் கிடையாது.

வாடகைத் தாய் மசோதாவ எடுத்துக்குவோம். 2019 ஆகஸ்ட்ல மக்களவை பாஸ் பண்ணிடுச்சு. அதுல நெருங்குன சொந்தக்காரப் பொண்ணுதான் வாடகைத் தாயா இருக்கலாம்னு இருந்துச்சு, அஞ்சு வருஷம் முயற்சி பண்ணியும் கரு தங்கலன்னாதான் தம்பதி கேக்கவே முடியும்னும் இருந்துச்சு. கேன்சர்னால கர்ப்பப்பையவே எடுத்துட்ட பொண்ணு எதுக்குங்க அஞ்சு வருஷம் காத்திருக்கணும்? வீட்டுல எல்லாரும் சேந்து நாத்தனார்கிட்டயோ மச்சினிகிட்டயோ கேட்டா அந்தப் பொண்ணால மாட்டேன்னு சொல்லத்தான் முடியுமா?

ராஜ்யசபா அந்த நவம்பர்ல மசோதாவ செலக்ட் கமிட்டிக்கு, அதாவது அந்த ஒரு மசோதாவ ஆராயுறதுக்குன்னே போடுற எம்.பி.ங்க குழுவுக்கு, அனுப்புச்சு. 23 எம்.பி.ங்க, பல கட்சி, பூபேந்தர் யாதவ் தலைவர். 2020 பிப்ரவரில அறிக்கை வந்துச்சு. அஞ்சு வருஷக் கணக்க எடுத்துடுங்க, சொந்தக்காரங்கதான்னு இல்லாம மனசார சம்மதிக்கிற பொண்ணு யாரா இருந்தாலும் சரி, 35 லேந்து 45 வயசுக்குள்ள இருக்குற விதவைக்கும் விவாகரத்தானவங்களுக்கும் வாடகைத் தாய் மூலமா குழந்த பெத்துக்குற வாய்ப்பு குடுங்க, வாடகைத் தாய்க்கு 16 மாச இன்சூரன்ஸ 36 மாசமாக்குங்கன்னு சொன்னாங்க. இதெல்லாம் 2021 சட்டத்துல வந்துருச்சு. கல்யாணமே பண்ணாத பொண்ணுங்கள விட்டுட்டாங்க, அது எனக்கு வருத்தம்தான்.

கமிட்டி சொல்றத அரசாங்கம் ஏத்துக்கணும்னு கட்டாயமில்ல, ஆனா அனுப்புனாத்தானே ஏதாவது சொல்ல முடியும்? 15வது மக்களவை காலத்துல (2009-14) 71 சதவீத மசோதா கமிட்டிக்குப் போச்சு, 17வதுல (2019-24) வெறும் 16 சதவீதம். 2020 செப்டம்பர்ல வேளாண் மசோதாக்கள செலக்ட் கமிட்டிக்கு அனுப்புங்கன்னு ராஜ்யசபால எதிர்க்கட்சிங்க கேட்டும் அனுப்பல, குரல் ஓட்டுலயே பாஸ் ஆச்சு, அப்புறம் விவசாயிங்க ஒரு வருஷம் டெல்லி எல்லையில ரோட்டுல கெடந்தாங்க, 2021 நவம்பர்ல சட்டத்தயே வாபஸ் வாங்குனாங்க. அவங்க சொன்னத மொதல்லயே ஒரு ரூம்ல உக்காந்து கேட்டிருக்கலாமே.

இன்னொன்னு. கமிட்டிக்கு மசோதா போனா பொதுமக்கள்கிட்ட கருத்து கேட்டு பேப்பர்ல விளம்பரம் வரும், யாரு வேணா எழுதி அனுப்பலாம், நீங்களும்தான். ஆனா இங்கிலீஷ் இல்லன்னா இந்தியில அனுப்பச் சொல்றாங்க. தமிழ்ல எழுதுனா வாங்கி மொழிபெயர்த்துப் படிக்க ஏற்பாடு பண்ணணும், இத நம்ம ராஜ்யசபா எம்.பி.ங்க 18 பேரும் சேந்து கேக்கணும்.