ரசீது புக்கா, பில் புக்கா?

நடுவர் அவர்களே, வணக்கம். தொண்டு நிறுவனம் தழைக்க வழி நன்கொடையா, சொந்த வருமானமா என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய தம்பி, "சேவைக்கு விலை போட்டால் அது கடை" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நான் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் ஒன்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன். கைதட்டலை எங்கே வரவு வைப்பது என்று எனக்குத் தெரியாது.

எங்களிடம் தையல் பயிற்சி மையம் ஒன்று உண்டு. பதினாலு மிஷின். மூன்று வருஷம் ஒருவர் நிதி தந்தார். மார்ச் 31இல் திட்டம் முடிந்தது. ஏப்ரல் 1 காலையில் மிஷின் இருக்கிறது, பெண்கள் வந்து நிற்கிறார்கள், டீச்சருக்குச் சம்பளம் இல்லை. மிஷின்களை உறை போட்டு மூடினோம். அந்த உறையும் அவர்கள் தைத்ததுதான்.

அப்புறம்தான் பள்ளிச் சீருடை ஆர்டர் பிடித்தோம். முதல் ஆர்டரிலேயே நஷ்டம்! துணி விலையைப் போட்டோம். நூல், பட்டன், கரண்ட் பில் எதையும் சேர்க்கவில்லை. சும்மா கொடுத்தே பழகிய கைக்கு விலை போட வரவில்லை, ஐயா. அதைப் பழகத்தான் எங்களுக்கு ரொம்ப நாள் ஆனது.

சரி, எங்கள் கதை சின்னது. மதுரைக்கு வாருங்கள். 1976இல் அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடிந்தவர் பணம் கட்டினார், முடியாதவருக்கு இலவசம். கட்டியவர் காசில் கட்டாதவருக்கும் கண் தெரிந்தது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தவரை ஏழைக்கு எட்டாத விலை. யாராவது தானமாக அனுப்புவார்கள் என்று காத்திருக்கவில்லை. 1992இல் ஆரோலேப் என்று தொடங்கித் தாங்களே தயாரித்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது. இதைக் கடை என்பீர்களா தம்பி?

2010 ஆந்திர நுண்கடன் விவகாரத்தை, அதாவது ஏழைகளுக்குக் கொடுத்த சிறு கடன் விவகாரத்தை எதிரணி சொன்னது. சேவையாகத் தொடங்கி லாபக் கம்பெனியானவை, வசூல் கெடுபிடி, குடும்பங்கள் பட்ட பாடு. உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே லாபம் பங்குதாரர் கைக்குப் போக வழி இருந்தது. அந்த வழியை அடைக்கத்தானே கம்பெனிச் சட்டத்தில் தொண்டுக்கென்று இருக்கிற பிரிவு 8 கம்பெனி? சம்பாதிக்கலாம்; உறுப்பினருக்கு டிவிடெண்ட் மட்டும் கொடுக்க முடியாது.

எதிரணி சொல்லாமல் விட்டது ஒன்று. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பின், அந்த நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது, முன்பு 50. அலுவலக வாடகை, கணக்கு எழுதுகிற செலவு எல்லாம் அதற்குள். கணக்கு எழுதுகிற செலவு என்றால் என் சம்பளம், ஐயா!

நன்கொடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பதினாலு மிஷினும் நன்கொடையில் வந்ததுதான். இன்று என் மேஜையில் இரண்டு புத்தகம் இருக்கிறது. நன்கொடை ரசீது புக்கில் பாதித் தாள் அப்படியே கிடக்கிறது. பில் புக் தீர்ந்துவிட்டது. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புதிது அச்சடிக்கக் கொடுக்க வேண்டும். மணி அடித்துவிட்டீர்கள். நன்றி, வணக்கம்.